'கீப்' கட்டு காணவில்லை

அழைப்புமணியை அழுத்திய பெண் விரலை எடுக்க மறந்துவிட்டாள். தீயணைப்பு வண்டிதான் வாசலுக்கு வந்துவிட்டதோ என்று பதறிப்போய்க் கதவைத் திறந்தார் கிளட்ச்.

கிளட்ச் என்பது அவருக்கு வீட்டில் வைத்த பெயர் அல்ல. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றை நடத்துகிறார். "கிளட்ச்சை விடாதே!" என்று நாள் முழுக்கக் கத்தியதில் மாணவர்கள் சூட்டிய பட்டம் அது, அப்படியே நிலைத்துவிட்டது. அன்று காலை அக்கா வீட்டில் ஓசிக் காப்பி குடிக்க வந்திருந்தார். உள்ளே நாளிதழுக்குப் பின்னால் மறைந்திருந்தவர் அக்காவின் கணவர். தீப்பிடித்த கடைகளையும் கிடங்குகளையும் பார்த்து, தீ தானாக வந்ததா, யாராவது வைத்ததா என்று காப்பீட்டுக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தே காலத்தை ஓட்டிய சர்வேயர். ஓய்வு பெற்ற பிறகு மற்றவர்களுடைய சிக்கல்கள் அவரைத் தேடி வர ஆரம்பித்தன. கூடவே அழைக்காமலே கிளட்ச்சும் வந்துவிடுவார்.

"சார், நான் திருடி இல்லை," என்றாள் வந்தவள், உட்காருவதற்கு முன்பே.

"முதல்ல உட்காரும்மா. என்ன காணாமப் போச்சு?" என்றார் சர்வேயர்.

"ஒரு வினைச்சொல்."

நகை, பணம், வைரம் என்று எதையோ எதிர்பார்த்துக் காதைத் தீட்டிக்கொண்டிருந்த கிளட்ச்சின் முகம் சுருங்கிப்போனது.

அவள் ஆங்கிலம்–தமிழ் அகராதி தயாரிக்கும் அலுவலகம் ஒன்றில் துணையாசிரியை. ஒரு சொல் எங்கெங்கே எப்படி எப்படிப் புழங்குகிறது என்று புத்தகங்களிலிருந்து வாக்கியங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு கார்டில் எழுதி இழுப்பறையில் அடுக்குவார்கள். பிறகு அந்தக் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு பொருள் எழுதுவார்கள். இப்போது 'கீப்' என்ற சொல்லின் கட்டு முழுவதும் காணவில்லை.

"கீப்பா? அது எனக்கே தெரியுமே," என்றார் கிளட்ச். "கீப் லெஃப்ட். இடது பக்கமாவே போ. இதுக்கு எதுக்கு ஒரு கட்டு? ஒரு கார்டு போதாதா?"

அவ்வளவு கலக்கத்திலும் அவளுக்குச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "ரகசியத்தைக் காப்பாத்தறதும் கீப்தான், வாக்கைக் காப்பாத்தறதும் கீப்தான் சார். மாடு வளர்க்கறது, கணக்கு எழுதறது, சாவியைக் குடுக்காம வெச்சுக்கறது எல்லாத்துக்கும் அதே சொல்தான். விடாம அழுதுக்கிட்டே இருந்தா அதுக்கும் கீப். தமிழ்ல ஒவ்வொண்ணுக்கும் வேற வேற சொல் வேணும். ஒரு வருஷமா நான் அதுலதான் கிடந்தேன்."

"சரி, சண்டை எங்கே வந்தது?" என்று கேட்டார் சர்வேயர்.

"பொருளுக்குக் கீழே, அந்தச் சொல் எங்கே பிறந்ததுன்னு ஒரு வரி எழுதணும். அந்த ஒரு வரியிலதான் சார்."

அகராதியின் தலைமை ஆசிரியருக்கு அந்த வரிதான் உயிர். நம் 'காப்பு'தான் கப்பலேறிப் போய் 'கீப்' ஆயிற்று என்பது அவர் பல காலமாகச் சொல்லிவருவது. ஒரு பழைய கடல்வணிகர் தம் பயண நூலில் அப்படித்தான் எழுதியிருக்கிறார், அந்த மேற்கோள் கார்டு கட்டுக்குள் இருக்கிறது என்பார். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. ஆங்கிலேய வணிகர்கள் நம் துறைமுகத்தில் கால் வைப்பதற்கு வெகுகாலம் முன்பே அந்தச் சொல் ஆங்கிலத்தில் எழுத்தில் வந்துவிட்டது. முதலில் அதற்கு 'உற்றுக் கவனி', 'பிடி' என்பது போன்ற பொருள்கள்தான். அதற்கு முன்னால் எங்கிருந்து வந்தது என்று சொல்லாராய்ச்சிக்காரர்களுக்கே நிச்சயமாகத் தெரியாது. மற்ற மொழிகளில் அதற்கு உறவென்று உறுதியாகச் சொல்லும்படி எதுவும் கிடைக்கவில்லை.

"அந்தப் பயண நூலைத் தேடித் தேடிப் பார்த்தேன். எந்த நூலகத்துலயும் இல்லை. கார்டை எடுத்துப் பார்க்கலாம் ஐயான்னு கூடத்துல எல்லார் முன்னாலயும் கேட்டுட்டேன். எரிஞ்சு விழுந்தார். நாளைக்குப் பார்க்கலாம்னு எழுந்து போயிட்டார். மறுநாள் சாப்பாட்டு நேரம் முடிஞ்சதும், வாங்க காட்டறேன்னு எல்லாரையும் கூட்டிட்டுப் போய் இழுப்பறையைத் திறந்தார். கட்டு இருந்த இடம் காலி. அங்கே கிடந்த வெத்து கார்டு ஒண்ணை எடுத்துச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு, என்னைப் பார்த்துத் திரும்பி, 'நீதான்'னு சொன்னார்."

"நீ எதுக்கும்மா எடுக்கணும்?"

"என் கட்சிக்கு எதிரா இருந்த ஆதாரத்தை அழிச்சுட்டேனாம். திங்கட்கிழமைக்குள்ள திருப்பிக் கொடுக்கணும், இல்லைன்னா வெளியே போகணும்." அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வேலை போனா போகட்டும் சார். கார்டைத் திருடினவள்னு பேர் எடுத்துட்டா இந்தத் தொழில்ல எவனும் என்னைப் படியேற விடமாட்டான். 'நீதான்'னு சொன்ன அதே வாயால, அதே ஆளுங்க முன்னால, அவர் 'நீ இல்லை'ன்னு சொல்லணும்."

சர்வேயர் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். "அந்த வெத்து கார்டு எப்படி இருந்தது?"

"எதுவும் எழுதலை. மூலை மடங்கியிருந்தது."

"எந்த மூலை?"

இவருக்கு வேறு கேள்வியே கிடைக்கவில்லையா என்று கிளட்ச்சுக்கு எரிச்சல் வந்தது. அவளோ கண்ணை மூடி யோசித்தாள். "மேல் மூலை. இடது பக்கம்."

அன்றைய வகுப்பு ரத்தாயிற்று. தலைக்கு மேலே 'பழகுநர்' பலகை வைத்த காரில் மூவரும் அகராதி அலுவலகத்துக்குப் போய் இறங்கினார்கள். கீழே அச்சகம், மேலே அலுவலகம். இயந்திரம் ஓடும்போதெல்லாம் மாடிப்படியே லேசாக நடுங்கியது. கார்டு அறை கடைசியில் இருந்தது. நான்கு சுவரையும் இழுப்பறைகள் அடைத்திருக்க, காற்று என்ற பேச்சுக்கே இடமில்லை.

"ஃபேனே கிடையாதா?" என்று கிளட்ச் சட்டைக் காலரைத் தளர்த்தினார்.

"போட்டா கார்டெல்லாம் பறந்துடாதா?" என்றார் கார்டுகளைப் பார்த்துக்கொள்பவர். ஈரக் கைக்குட்டையைக் கழுத்தில் சுற்றியிருந்த ஒல்லியான மனிதர். "அதனாலதான் சாப்பாட்டு நேரம் வந்தா ஒருத்தர் இங்கே நிக்கமாட்டோம். ஃபேன் இருக்கற கூடத்துக்கு ஓடிடுவோம். அன்னைக்கும் அப்படித்தான். வெளியாள் யாருமே வரலை. ஃபேன் ஓடியும் கூடத்துல புழுக்கம் தாங்காம எல்லாரும் சிடுசிடுன்னு இருந்தோம். ஐயாவுக்குச் சாப்பாடு கொண்டுவர்ற அம்மாகூட கேரியரைப் பையில வைக்காம கையிலேயே தூக்கிட்டுப் போனாங்க. ஏதோ கொட்டிடுச்சு போல."

"கட்டை யாராவது முறைப்படி எடுத்தா?" என்று கேட்டார் சர்வேயர்.

"மஞ்சள் அட்டையில பேர் எழுதி அந்த இடத்துல செருகணும். நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து இதுதான் விதி. அன்னைக்கு மஞ்சள் அட்டை எதுவும் இல்லை."

கட்டு இருந்த இழுப்பறையைச் சர்வேயர் திறந்தார். காலி இடத்துக்குப் பின்னால் இருந்த கார்டுகள் சரியாதபடி யாரோ ஒரு நூலால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். "இது யார் கட்டினது?" என்று கேட்டார். தங்களில் யாரும் இல்லை என்றார் கார்டு அறைக்காரர். காலடியிலேயே குப்பைக் கூடை இருப்பதையும் சர்வேயர் பார்த்துக்கொண்டார்.

பிறகு அவர் செய்ததுதான் கிளட்ச்சுக்குப் புரியவில்லை. அந்த இழுப்பறையை விட்டுவிட்டு, யாரும் தொடாத கடைசி வரிசைக்குப் போனார். அங்கே இருந்தவை எவருமே புழங்காத அபூர்வச் சொற்கள். தூசி தும்மலாக வந்தது. கார்டுகளுக்கு நடுவே எழுதப்படாத பழுப்புக் கார்டுகள் சில நின்றன. சிலவற்றில் வலது மேல் மூலை மடிந்திருந்தது, சிலவற்றில் இடது.

"அதெல்லாம் எனக்கு முன்னாடி சார்," என்றார் கார்டு அறைக்காரர். "ஐயா வீட்டு முன்னறையில ஆபீஸ் நடந்த காலத்துது. என்னன்னு தெரியலை, தூக்கிப் போடவும் மனசு வரலை."

தம் அறைக்கு வந்த இருவரையும் தலைமை ஆசிரியர் உட்காரச் சொல்லவில்லை. மேசையில் அச்சுக்குப் போக வேண்டிய தாள்கள் அடுக்கியிருந்தன. பார்த்து முடித்த தாள்களின் வலது மூலையை ஒரே மாதிரி மடித்திருந்தார்.

"அந்தப் பெண்ணுக்கு வக்காலத்து வாங்க வந்தீங்களா? இந்த அகராதிக்கு நான் என் ஆயுசைக் கொடுத்திருக்கேன். அந்தக் காலத்துல வீட்ல பாய் விரிச்சு, கார்டைப் பரப்பி, நாங்க பட்ட பாடு யாருக்குத் தெரியும்?"

"நாங்கன்னா யார் யாருங்கய்யா?" என்று கேட்டார் சர்வேயர்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க வேண்டிய தேவை இருந்ததாகத் தெரியவில்லை. "நாங்கன்னா… நான்தான்."

"இழுப்பறையிலேர்ந்து ஒரு வெத்து கார்டு எடுத்தீங்களே?"

"அதுவா? குப்பை. எறிஞ்சுட்டேன்."

துணையாசிரியையை அலுவலகத்திலேயே விட்டுவிட்டுக் காரில் ஏறியதும் கிளட்ச் பொரிந்து தள்ளினார். "எனக்குப் புரிஞ்சுபோச்சு மாமா! கீப்புன்னு நம்ம ஆளுங்க ஒரு கெட்ட அர்த்தத்துலயும் சொல்வாங்கல்ல? பெரிய மனுஷனுக்கு வெளியே ஏதோ தொடுப்பு இருக்கு. மிரட்டறதுக்காக யாரோ அந்தக் கட்டைத் தூக்கியிருக்கான்!"

"மாப்ளே, கிளட்ச்சை மிதிக்காம கியர் மாத்தறே," என்றார் சர்வேயர். "அவர் வீட்டுக்கு வண்டியை விடு."

அந்த வீட்டில் ஆசிரியரின் மனைவி தனியாக இருந்தார். வந்தவர்கள் யார் என்று தெரிந்ததும் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் உட்காரவைத்துத் தேநீர் கொண்டுவந்தார், இடது கையால் ஊற்றினார். நாற்காலியில் பாதி படித்த வார இதழ் ஒன்று கிடந்தது. அதில் ஒரு பக்கத்தின் இடது மேல் மூலை மடிந்திருந்தது. சும்மா இருக்க மாட்டாத கிளட்ச் அதை நீவி நிமிர்த்தப் போனார்.

"ஐயோ, நிமிர்த்திடாதீங்க! அது என் அடையாளம்," என்று அந்த அம்மாள் சட்டென்று சொன்னார்.

கிளட்ச் சூடு பட்டவர்போல் கையை எடுத்துக்கொண்டார். சர்வேயர் கார்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஐயா வீட்ல எப்படி இருக்கார்?" என்று மட்டும் கேட்டார்.

"போட்டதைச் சாப்பிடறார். அன்னைக்கு வந்ததுலேர்ந்து பேச்சே இல்லை. என் முகத்தைப் பார்க்கறதில்லை." தட்டைச் சர்வேயர் பக்கம் நகர்த்தினார். "அந்தப் பொண்ணை… நிஜமாவே அனுப்பிடுவாரா?"

"திங்கட்கிழமை அனுப்பிடுவார்."

அந்த அம்மாள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார். கிளட்ச்சுக்குத் தம் அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

"திங்கட்கிழமை காலையில நாங்க ஆபீஸ்ல இருப்போம்," என்று எழுந்தார் சர்வேயர். "நீங்களும் வந்தா நல்லது."

திங்கட்கிழமை ஆசிரியரின் அறையில் ஐந்தாறு நாற்காலிகள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. துணையாசிரியை சுவரோரமாக நின்றாள், உட்கார மறுத்துவிட்டாள். கார்டு அறைக்காரர் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். ஆசிரியரின் மனைவி கடைசியாக வந்தார். சாப்பாட்டு நேரம் இன்னும் வரவில்லை, ஆனாலும் சாப்பாட்டுப் பை தோளில் தொங்கியது. அதைப் பார்த்ததும் ஆசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என் தொழில்ல நான் பார்த்தது ஒண்ணு," என்று நிதானமாக ஆரம்பித்தார் சர்வேயர். "கொளுத்தறவன் கதவை ஒழுங்கா சாத்திட்டுப் போகமாட்டான். இங்கே கட்டை எடுத்தவங்க, மீதிக் கார்டு சரிஞ்சிடக் கூடாதுன்னு நூல் போட்டுக் கட்டியிருக்காங்க. எடுத்த இடத்துல ஒரு அடையாளமும் வெச்சிருக்காங்க. திருடறவன் அடையாளம் வைப்பானா? திருப்பிக் கொண்டுவந்து வைக்கப் போறவங்கதான் வைப்பாங்க."

"அடையாளம்தான் இல்லையே சார்," என்றார் கார்டு அறைக்காரர். "மஞ்சள் அட்டை எதுவும் இல்லை."

"உங்க விதிப்படி இல்லை. உங்களுக்கு முன்னாடி இருந்த விதிப்படி இருந்தது. மஞ்சள் அட்டை வாங்கவே வசதியில்லாத காலத்துல, வெத்து கார்டோட மூலையை மடிச்சு நிறுத்தியிருக்காங்க. பேர் எழுதலை. ரெண்டே பேர்தானே வேலை செஞ்சாங்க? வலது மூலைன்னா ஒருத்தர், இடது மூலைன்னா இன்னொருத்தர். கடைசி வரிசையில ரெண்டும் இன்னும் நிக்குது. வலது யாருன்னு அதோ அந்த மேசையில இருக்கற தாளைப் பார்த்தாலே தெரியும்."

எல்லாருடைய கண்ணும் மேசைக்குப் போனது. கிளட்ச்சுக்கு நாற்காலியில் கிடந்த வார இதழ் நினைவுக்கு வந்தது. தாம் நிமிர்த்தப் போனது என்ன என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"இந்தப் பொண்ணுக்கு அந்தப் பழைய விதியே தெரியாது. கார்டு அறைக்காரருக்கும் தெரியாது. அன்னைக்குச் சாப்பாட்டு நேரத்துல அறை காலி. வந்தவங்க ஒருத்தர். வரும்போது பையில கேரியர் இருந்தது. போகும்போது கேரியர் கைக்கு வந்துடுச்சு. அப்போ பையில என்ன இருந்தது?"

ஆசிரியரின் மனைவி பையைத் திறந்து, நாடா போட்டுக் கட்டிய கட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"ஒண்ணுகூட இடம் மாறலை," என்றார். "ஒரே ஒரு கார்டைத்தான் எடுக்க வந்தேன். நின்னு தேட நேரமில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் எடுத்துட்டு மறுநாள் வெச்சிடலாம்னு நினைச்சேன். மறுநாள் கார்டு அறைக்குப் புதுப் பூட்டு போட்டுட்டாங்க."

"எந்தக் கார்டும்மா?" என்று கேட்டாள் துணையாசிரியை.

"அந்தக் கடல்வணிகர் கார்டு. அப்படி ஒரு புத்தகமே கிடையாது." அந்த அம்மாளின் குரல் தரையைப் பார்த்தே வந்தது. "எங்களுக்குக் கல்யாணமான புதுசு. பகலெல்லாம் வீட்டு வேலை, அப்புறம் கார்டு எழுதணும். காப்புதான் கீப்புன்னு ஒரு ஆதாரம் கிடைக்காதான்னு இவர் தினமும் புலம்புவார். ஒருநாள் அந்த வாக்கியத்தை நானே கட்டி எழுதி உள்ளே வெச்சுட்டேன். பார்த்ததும் குழந்தை மாதிரி குதிச்சார். மறுநாள் சொல்லிடலாம்னு இருந்தேன். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க வாய் வரலை. அப்புறம் எந்த மறுநாளும் வரலை. இந்தப் பொண்ணு புத்தகத்தைத் தேடுதுன்னு இவர் வந்து சொன்னப்போ பயந்துட்டேன். ஊரே இவரைப் பார்த்துச் சிரிக்குமேன்னுதான்…"

ஆசிரியர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது. கிளட்ச்சுக்கே பாவமாக இருந்தது. ஆனால் சர்வேயர் அவரை விடவில்லை.

"ஐயா, கூடை காலடியிலேயே இருந்தது. குப்பையை யாரும் சட்டைப் பையில போட்டுக்கமாட்டாங்க. மூலையைப் பார்த்ததும் யார் எடுத்தாங்கன்னு உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுக்கிட்டேதான் இந்தப் பொண்ணைப் பார்த்து 'நீதான்'னு சொன்னீங்க."

கீழே அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மேசைமேல் இருந்த பேனா அதிர்வில் மெல்ல உருண்டது.

"ஏன் எடுத்தாள்னு எனக்குத் தெரியாது," என்றார் ஆசிரியர் கடைசியில். "கேட்கவும் பயமா இருந்தது. எல்லாரும் என்னையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. ஏதோ ஒரு பேர் சொல்லணும். வாயில வந்துடுச்சு."

"என் பேர்தான் வந்தது," என்றாள் துணையாசிரியை. அவள் அழவில்லை. கோபம் உதட்டில் நடுங்கியது. "அவங்க உங்க மானத்தைக் காப்பாத்தப் பார்த்தாங்க. நீங்க அவங்களைக் காப்பாத்தப் பார்த்தீங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல நசுங்கினது நான்தானே ஐயா?"

ஆசிரியர் மனைவியைப் பார்த்தார், அத்தனை நாளுக்குப் பிறகு முதல்தடவையாக. பிறகு எழுந்து கதவைத் திறந்து கூடத்துக்குப் போனார். அவர் வாசற்படியில் வந்து நின்றதும் மேசைகளில் பேச்சு அடங்கியது.

"எல்லாரும் கேளுங்க," என்றார். குரல் எழும்பவில்லை, தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னார். "எல்லாரும் கேளுங்க. கார்டு எதையும் இந்தப் பொண்ணு எடுக்கலை. எடுத்தது என் வீட்ல. அது தெரிஞ்சே இவ மேல பழி போட்டது நான். பொய் சொன்னது நான்தான். அந்தக் காப்பு விஷயமும் தப்பு."

யாரோ கையிலிருந்த அளவுகோலைக் கீழே போட்டார்கள். கிளட்ச்சுக்குக் கண் கரித்தது. அறையில் ஃபேன் இல்லாததால் வந்த வியர்வை என்று பிற்பாடு அக்காவிடம் சாதித்தார்.

உள்ளே துணையாசிரியை கட்டைக் கையில் எடுத்து நாடாவைச் சரிபார்த்தாள். "'கீப்' பதிவை நான்தான் எழுதுவேன்," என்றாள் திரும்பி வந்த ஆசிரியரிடம். "பிறப்பு: உறுதியாகத் தெரியவில்லை. அவ்வளவுதான். அதுல நீங்க கை வைக்கக் கூடாது."

அவர் தலையாட்டினார்.

ஆசிரியரின் மனைவி அந்தப் பொய்க் கார்டைத் தனியே உருவி வைத்திருந்தார். அதை என்ன செய்வதென்று தெரியாமல் தயங்கி நின்றார். "இதை நான் எடுத்துக்கிட்டுப் போயிடட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

துணையாசிரியை கார்டு அறைக்குப் போய், ஒரு மஞ்சள் அட்டையும் பேனாவும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"கொண்டுபோங்கம்மா. ஆனா எடுக்கறவங்க பேர் எழுதித்தான் எடுக்கணும். இங்கே அதுதான் விதி."

அந்த அம்மாள் பேனாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். அட்டையின் மூலையைத் தொட்ட விரல், மடிக்காமல் நின்றது. பிறகு குனிந்து, தம் பெயரை முழுதாக எழுதினார்.